மஃப்டியில் வந்தவர் யார்?

2009 மே 28, இரவு. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதி. பணி முடிந்து வெளியே வந்த ஒமர் எட்வர்ட்ஸ், தன் காருக்குள் ஒருவன் புகுந்திருப்பதைப் பார்க்கிறார். 25 வயதுக் காவலர், கறுப்பினத்தவர். கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவனை விரட்டுகிறார். அதே தெருவில் அடையாளமில்லாத காரில் மஃப்டி போலீஸார் வருகிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது துப்பாக்கியோடு ஓடிவரும் ஒரு கறுப்பின இளைஞர். இறங்கிக் கத்துகிறார்கள். எட்வர்ட்ஸ் குரல் வந்த பக்கம் திரும்புகிறார். ஆறு தோட்டாக்கள் வெடிக்கின்றன; மூன்று அவர்மீது பாய்கின்றன. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சட்டையைக் கத்தரித்தபோதுதான் உள்ளே போலீஸ் பயிற்சிப் பள்ளியின் டி-ஷர்ட் தெரிந்தது. பாக்கெட்டில் பேட்ஜ் இருந்தது.

சுட்டவரும் உடுப்பில் இல்லை, செத்தவரும் உடுப்பில் இல்லை. சுட்டவர்மீது குற்றம்சாட்டத் தேவையில்லை என்று அந்த ஆண்டே கிராண்ட் ஜூரி முடிவு செய்துவிட்டது.

மஃப்டி போலீஸார் ஆள்மாறாட்டத்தில் சுட்ட வழக்குகள் உலகெங்கும் உண்டு. இதை முதலில் எடுப்பதற்குக் காரணம், நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் எதுவும் இங்கே செல்லாது என்பதுதான். 'சொன்னபடி கேட்டிருக்கலாமே', 'கையைத் தூக்கியிருக்கலாமே', 'தப்பு செய்யாதவன் ஏன் ஓடினான்?' என்றெல்லாம் சுடப்பட்டவர் மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். எட்வர்ட்ஸுக்கு அந்த விதிகள் எல்லாம் தெரியும். அவற்றில் பயிற்சி பெற்றவர், சம்பளம் வாங்கியவர். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டதும் அவரும் திரும்பத்தான் செய்தார். பின்னாலிருந்து யாராவது அதட்டினால் மனித உடம்பு திரும்பிப் பார்க்கும். கையில் இருப்பதும் உடம்போடு சேர்ந்து திரும்பும். மூளை முடிவெடுப்பதற்கு முன்பே கழுத்து முடிவெடுத்துவிடுகிறது.

எட்வர்ட்ஸ் இறந்த பிறகு நியூயார்க் மாநில ஆளுநர் டேவிட் பேட்டர்சன், போலீஸை போலீஸே சுடும் சம்பவங்களை ஆராய ஒரு குழு அமைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில்தான் அதே மாநிலத்தின் ஒயிட் பிளெய்ன்ஸ் நகரில், தெருச் சண்டையைத் தடுக்கப்போன கிறிஸ்டோபர் ரிட்லி என்ற 23 வயது காவலர், பணியில் இல்லாத நேரத்தில், வேறொரு காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 2010-ல் வெளியான அந்தக் குழுவின் அறிக்கை, 1981-லிருந்து அமெரிக்காவில் 26 காவலர்கள் இப்படி ஆள் தெரியாமல் சக காவலர்களால் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. 1995-லிருந்து அப்படி இறந்த 14 பேரில் 10 பேர் வெள்ளையர் அல்லாதவர்கள்.

அந்தப் பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உடுப்பு என்பது வெறும் துணியல்ல. 'இவர் யார்' என்ற கேள்விக்குத் தயாராக இருக்கும் பதில். அந்தப் பதிலை எடுத்துவிட்டால் கண் சும்மா இருக்காது. வேறு அடையாளத்தைத் தேடும். தோலின் நிறம், தாடி, தலைப்பாகை, தோளில் தொங்கும் பை எனக் கையில் கிடைப்பதை வைத்து ஒரு ஆளை உருவாக்கிக்கொள்ளும். ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் 2000 ஜனவரியில் கோர்னல் யங் என்ற கறுப்பினக் காவலர், உணவகம் ஒன்றின் வாசலில் நடந்த தகராறில் சீருடைக் காவலர்களுக்கு உதவ, பணியில் இல்லாதபோதும், துப்பாக்கியோடு ஓடினார். அவர்களாலேயே கொல்லப்பட்டார். அவர் தந்தை அதே துறையில் மேஜர். அங்கே மிக உயர்ந்த பதவியில் இருந்த கறுப்பின அதிகாரி. சுட்ட இருவரில் ஒருவர் பயிற்சிப் பள்ளியில் யங்குடன் சேர்ந்து படித்தவர். கூடப் படித்தவன் முகம்கூட அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. நிறம் தெரிந்தது, துப்பாக்கி தெரிந்தது.

நியூயார்க் போலீஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் அறிவிப்பார்கள். மஃப்டியில் போகிறவர் அந்த நிறத்தில் ஒரு பட்டையைத் தலையிலோ கையிலோ காட்ட வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டவருக்கு இன்றைய நிறம் எது என்று யார் சொல்வது? பக்கத்து மாவட்டப் போலீஸுக்கு அந்த நிறத்தைப் பற்றி என்ன தெரியும்? முக்கியமாக, தெருவில் நடந்துபோகும் குடிமகனுக்கு அந்தப் பட்டையின் பொருள் என்ன? இந்த ஏற்பாடுகள் எல்லாம் போலீஸை போலீஸிடமிருந்து காப்பாற்றுவதற்கு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

மற்றவர்களின் கதைக்கு அமாடு டியாலோவைப் பார்க்கலாம். கினி நாட்டிலிருந்து வந்து நியூயார்க்கில் தெருவோரம் பொருள் விற்ற இளைஞர். 1999 பிப்ரவரி 4 அதிகாலையில் பிராங்ஸில் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். தேடப்பட்ட பாலியல் குற்றவாளியின் சாயல் இவரிடம் இருப்பதாக நினைத்த நான்கு மஃப்டி போலீஸார் காரை நிறுத்தி இறங்கினார்கள். நள்ளிரவு தாண்டிய நேரத்தில், உடுப்பில்லாத நான்கு பேர், கையில் துப்பாக்கியோடு. டியாலோ பணப்பையை எடுத்தார். 41 தோட்டாக்கள் சுடப்பட்டன. 19 அவர்மேல் பாய்ந்தன. நான்கு பேரும் விடுதலையானார்கள்.

இந்த 41 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. சுட்டவர்களில் ஒருவர் பின்வாங்கும்போது கால் தவறி விழுந்தார். மற்றவர்கள் அவர் சுடப்பட்டு விழுந்ததாக நினைத்தார்கள். தங்கள் துப்பாக்கிகளின் சத்தமே அவர்களுக்கு எதிரியின் சத்தமாகக் கேட்டது. லண்டனில் 1983 ஜனவரியில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். டேவிட் மார்ட்டின் என்ற தப்பியோடிய குற்றவாளியைத் தேடிய துப்பறியும் போலீஸார், போக்குவரத்து நெரிசலில் நின்ற மஞ்சள் நிற மினி காரில் இருப்பது அவன்தான் என்று எண்ணினார்கள். மார்ட்டினை நேரில் பார்த்துப் பழகிய ஒரு அதிகாரியை, உறுதிசெய்துவிட்டு வரும்படி நடந்துபோகச் சொன்னார்கள். போனவர் சுட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்ட மற்றவர்கள், காருக்குள்ளிருந்து சுடுகிறார்கள் என்று தாங்களும் சுட்டார்கள். உள்ளே இருந்தவர் 26 வயதுத் திரைப்படத் தொகுப்பாளர். ஐந்து குண்டுகள் பாய்ந்தும், துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடிபட்டும், எப்படியோ பிழைத்தார். சுட்ட இரு அதிகாரிகளையும் கொலைமுயற்சி வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது.

உறுதிசெய்யப் போனவரே சுட்டுவிட்டால், உறுதிசெய்வது யார்?

இந்தக் கேள்விக்கு லண்டன் 22 ஆண்டுகள் கழித்து இன்னும் பெரிய விலை கொடுத்தது. 2005 ஜூலை 7-ல் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்புகளில் 52 பேர் இறந்தார்கள். ஜூலை 21-ல் அதே மாதிரி இன்னொரு முயற்சி. குண்டுகள் சரியாக வெடிக்கவில்லை, குற்றவாளிகள் தப்பிவிட்டார்கள். விட்டுப்போன பை ஒன்றில் உடற்பயிற்சிக்கூட உறுப்பினர் அட்டை கிடைத்தது. அதிலிருந்து ஹுசைன் ஒஸ்மான் என்ற பெயரும், தெற்கு லண்டன் ஸ்கோஷியா சாலையிலுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் முகவரியும் தெரிந்தன. விடிவதற்குள் மேலதிகாரி திட்டம் வகுத்துவிட்டார்: அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரையும் பின்தொடர வேண்டும், பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்தி விசாரிக்க வேண்டும், ஆயுதம் தாங்கிய குழு உடனிருக்க வேண்டும். காகிதத்தில் இது நல்ல திட்டம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காலை 9.33-க்கு ஜான் சார்ல்ஸ் டி மெனெசெஸ் அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வந்தார். பிரேசிலிலிருந்து வந்த 27 வயது எலெக்ட்ரீஷியன். ஒரு தீயெச்சரிக்கை மணியைப் பழுதுபார்க்கப் போய்க்கொண்டிருந்தார். எதிரே நின்ற வேனுக்குள் கேமராவோடு இருந்த கண்காணிப்பாளர் அந்த நேரம் பார்த்துச் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார். படம் எடுக்க முடியவில்லை. 'இன்னொருவர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது' என்ற பொருளில் வயர்லெஸ்ஸில் சொன்னார். ஆயுதக் குழு இன்னும் வந்துசேரவில்லை.

மெனெசெஸ் 2-ம் எண் பேருந்தில் ஏறினார். பிரிக்ஸ்டனில் இறங்கினார், மெட்ரோ நிலையம் மூடியிருந்தது. மறுபடி அதே பேருந்தில் ஏறினார். மூடிக் கிடக்கும் நிலையத்தைப் பார்த்த எந்தப் பயணியும் செய்வதைத்தான் செய்தார். பின்னால் வந்த மஃப்டி போலீஸாருக்கு அது, தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தெரிந்தவன் செய்யும் தந்திரமாகப் பட்டது. சந்தேகக் கண்ணாடி போட்டுக்கொண்டால் சாதாரண நடைகூட வேவுக்காரனின் நடையாகத்தான் தெரியும். தெருவில் இருந்தவர்கள் 'அவனாக இருக்கலாம்' என்றார்கள், 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்றார்கள். இரைச்சலும் நெரிசலும் நிறைந்த கன்ட்ரோல் ரூமுக்குள் அந்த 'இருக்கலாம்' போய்ச் சேரும்போது 'அவன்தான்' ஆகியிருந்தது. அங்கிருந்து ஆயுதக் குழுவின் காதுக்கு வரும்போது, அவர்கள் ஒரு தற்கொலைக் குண்டுதாரியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டாக்வெல் நிலையத்தில் மெனெசெஸ் இலவச நாளிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டார், பயண அட்டையைக் காட்டி உள்ளே போனார், ரயிலில் உட்கார்ந்தார். பின்தொடர்ந்து வந்த கண்காணிப்பாளர் ஒருவர் அதே பெட்டியில் இருந்தார். ஆயுதப் போலீஸார், அவர்களும் சீருடையில் இல்லை, நடைமேடைக்கு ஓடிவந்ததும் இவர் ஆளைக் காட்டிக்கொடுத்து, மெனெசெஸின் கைகளைச் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். தலையில் ஏழு குண்டுகள், தோளில் ஒன்று. அடுத்த கணம் கட்டிப்பிடித்த அந்தக் கண்காணிப்பாளரையே இழுத்துத் தரையில் தள்ளி, அவர் நெஞ்சை நோக்கித் துப்பாக்கி நீட்டினார்கள். பயந்து சுரங்கத்துக்குள் ஓடிய ரயில் ஓட்டுநரை விரட்டிப்போய் அவர் முகத்துக்கு நேரே துப்பாக்கி பிடித்தார்கள். ஒரே ரயிலில், ஒரு நிமிட இடைவெளிக்குள், ஒரு பயணி, ஒரு போலீஸ்காரர், ஒரு ரயில்வே ஊழியர் ஆகிய மூன்று பேர் பயங்கரவாதியாகத் தெரிந்திருக்கிறார்கள். முதல் ஆளோடு நின்றதற்கு அதிர்ஷ்டம்தான் காரணம்.

'தடித்த கோட்டு போட்டிருந்தார்', 'தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினார்' என்று முதல் சில நாள்கள் பரவிய செய்திகள் அனைத்தும் பொய்யாயின. போட்டிருந்தது மெல்லிய டெனிம் ஜாக்கெட். 2008-ல் மரண விசாரணையின்போது, 'ஆயுதப் போலீஸ்' என்று எச்சரித்ததாகச் சுட்டவர் சொன்னதை ஜூரிகள் நம்பவில்லை. மெனெசெஸ் அவரை நோக்கி முன்னேறி வந்தார் என்பதையும் நம்பவில்லை. சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பளிக்கும் வாய்ப்பை மரண விசாரணை நீதிபதி ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்ததால், முடிவு சொல்லாத தீர்ப்பு ஒன்றைத் தந்தார்கள். ஆனால் சாவுக்குக் காரணமானவை எவை என்று கேட்டதற்கு அவர்கள் குறித்துக் கொடுத்தவை முக்கியமானவை: சந்தேக நபரின் நல்ல புகைப்படம் தராதது, பொதுப் போக்குவரத்தில் ஏறுவதற்கு முன் நிறுத்தத் தவறியது, ஆளை அடையாளம் காண்பதில் கண்காணிப்பாளர்களுக்கு இருந்த கருத்து மேலிடத்துக்கும் ஆயுதக் குழுவுக்கும் சரியாகப் போய்ச்சேராதது. விசையை அழுத்திய விரலைப் பற்றி இதில் ஒரு வார்த்தை இல்லை. மூன்றும் விரலுக்கு வெகு முன்னால் நடந்தவை.

வழக்கறிஞர் என்ற என் தொழிலின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. குற்றவியல் நீதிமன்றம் பழக்கத்தால் அந்தக் கடைசி விநாடியைத்தான் பார்க்கும். சுட்டவர் மனதில் அப்போது என்ன இருந்தது, ஆபத்து என்று உண்மையாக நம்பினாரா என்றுதான் கேட்கும். இங்கிலாந்துச் சட்டத்தில் தற்காப்புக்கு அந்த நம்பிக்கை உண்மையாக இருந்தால் போதும். தவறான நம்பிக்கையாக இருந்தாலும், அதற்குத் தகுந்த காரணம் இல்லாவிட்டாலும்கூட. மெனெசெஸ் குடும்பத்தினர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். தனிநபர் யார்மீதும் வழக்குத் தொடராதது சரிதான் என்று 2016 மார்ச்சில் 17 நீதிபதிகளில் 13 பேர் சொன்னார்கள். கடைசியில் தண்டனை பெற்றது லண்டன் மாநகரக் காவல் துறை என்ற அமைப்பு மட்டும். அதுவும் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தொழிற்சாலையில் வேலி போடாத முதலாளியைத் தண்டிக்கும் அதே சட்டத்தில், 1,75,000 பவுண்டு அபராதம். பலருக்கு இது கேலிக்கூத்தாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு வழக்கில்தான் நீதிமன்றம் விடியற்காலையிலிருந்து பத்து மணிவரை என்ன நடந்தது என்று மணிவாரியாகக் கேட்டது. 2023-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வேறொரு துப்பாக்கிச்சூட்டில், துறை ஒழுங்கு நடவடிக்கை என்று வரும்போது நம்பிக்கை உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. தாமதமான திருத்தம்.

இந்த விஷயத்தில் நம் சட்டம் ஆங்கிலேயர் எழுதியதுதான் என்றாலும், அவர்கள் ஊர்ச் சட்டத்தைவிடக் கறாரானது. பொருண்மைப் பிழையால், அதாவது நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒருவர் ஒன்றைச் செய்தால் அது குற்றமாகாது என்கிறது பழைய தண்டனைச் சட்டத்தின் 79-வது பிரிவு; இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 17. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நம்பிக்கை நல்லெண்ணத்தில் எழுந்ததாக இருக்க வேண்டும். உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் நம்பிய எதுவும் நல்லெண்ணத்தில் நம்பியதாகாது என்று சட்டமே வரையறுத்திருக்கிறது.

சட்டக் கல்லூரி மாணவர்கள் அனைவரும் படிக்கும் ஒரிசா வழக்கு ஒன்று உண்டு. பாலசோர் மாவட்டத்தில் கைவிடப்பட்ட விமானத்தளம். இரவில் பேய் உலாவுவதாக ஊரே நம்பியது. வெளியூரிலிருந்து பழைய இரும்பு வாங்க வந்தவரோடு வந்த நேபாள வேலைக்காரர், ஒரு இரவு அங்கே விளக்கு அசைவதைப் பார்த்துப் பேயென்று குக்ரியோடு பாய்ந்தார். அரிக்கேன் விளக்கோடு இலுப்பைப் பூ பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள் அவர்கள். ஒருவர் இறந்தார். இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது உண்மைதான், ஆனால் அவருடைய நிலையில் இருப்பவருக்கு அதற்காகப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. இந்தத் தீர்ப்பைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அதன் தர்க்கம் அப்பழுக்கில்லாதது. உரிய கவனம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. பேயை நம்பிய, இருட்டில் நின்ற ஒருவரிடம் சட்டம் எதிர்பார்க்கும் கவனம் கொஞ்சம்தான். வயர்லெஸ், கேமரா, புகைப்படம், பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு, மணிக்கணக்கான கண்காணிப்பு, மேலே ஒரு கட்டளை அறை என்று வைத்திருப்பவரிடம் எதிர்பார்க்கும் கவனம் அதே அளவா?

இந்தக் கணக்கு நம் நாட்டில் ஒருமுறையாவது சரியாகப் போடப்பட்டது. 1997 மார்ச் 31, தில்லி. உத்தரப் பிரதேசத் தாதா ஒருவரைத் தேடிய தில்லி போலீஸ் குற்றப் பிரிவு, கிழக்கு தில்லியிலிருந்து ஒரு நீல நிற மாருதி எஸ்டீம் காரைப் பின்தொடர்ந்து கனாட் பிளேஸ்வரை வந்தது. பாரகம்பா சாலையில் சிவப்பு விளக்குக்காக கார் நின்றபோது பட்டப்பகலில் சுற்றி நின்று சுட்டார்கள். உள்ளே இருந்த இரு தொழிலதிபர்கள் இறந்தார்கள், ஒருவர் படுகாயமடைந்தார். தேடப்பட்டவர் காரிலேயே இல்லை. இந்த வழக்கில் யார் என்ன உடை அணிந்திருந்தார்கள் என்பது இரண்டாம்பட்சம். ஆளை உறுதிசெய்யாமல் சுட்டதுதான் முதலாவது. காரின் பதிவெண் வழிநெடுக அவர்கள் கண்முன்னே இருந்தது. தவறு புரிந்ததும் காருக்குள் ஒரு கைத்துப்பாக்கியைக் கொண்டுபோய் வைத்து, 'அவர்கள்தான் முதலில் சுட்டார்கள்' என்று கதை கட்டியதை சிபிஐ கண்டுபிடித்தது. நகரக் காவல் ஆணையர் பதவி இழந்தார். குழுத் தலைவரான உதவி ஆணையர் எஸ்.எஸ். ராத்தி உட்பட 10 பேருக்கு 2007-ல் ஆயுள் தண்டனை. தற்காப்பு, நல்லெண்ணம், மேலதிகாரி சொன்னதைச் செய்தோம் என்ற வாதங்கள் எதுவும் எடுபடாமல், 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. அந்தப் பொய்த் துப்பாக்கி மட்டும் இல்லாதிருந்தால் நீதிமன்றங்கள் இவ்வளவு கடுமையாக இருந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு உண்டு. லண்டனில் யாரும் மெனெசெஸ் பையில் வெடிகுண்டு வைக்கவில்லை; அவரைக் கொன்ற யாரும் சிறைக்குப் போகவுமில்லை.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. போலீஸ் ஆளைத் தவறாக நினைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆள் போலீஸைத் தவறாக நினைப்பது? கடமையைச் செய்யும் அரசு ஊழியருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது என்கிறது பழைய 99-வது பிரிவு, இன்று 37. அதன் விளக்கத்திலேயே, எதிரே நிற்பவர் அரசு ஊழியர் என்று தெரிந்திருந்தால், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே அந்த உரிமை போகும் என்றும் இருக்கிறது. 1860-ல் எழுதிய இந்த வரி, உடுப்பில்லாத போலீஸைக் கொள்ளைக்காரன் என்று நினைத்து எதிர்ப்பவருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2020 மார்ச் 13 நள்ளிரவு தாண்டி, மஃப்டி போலீஸார் பிரியானா டெய்லரின் வீட்டுக் கதவை உடைத்தபோது, யாரோ வீடு புகுந்துவிட்டார்கள் என்று அவர் நண்பர் ஒரு குண்டு சுட்டார். பதிலுக்கு வந்த 32 குண்டுகளில் டெய்லர் இறந்தார். நண்பர் மீது போட்ட கொலைமுயற்சி வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. மஃப்டியில் மோதலுக்குப் போவது போலீஸுக்கும் பாதுகாப்பல்ல என்று சட்டமே மறைமுகமாகச் சொல்கிறது.

இத்தனைக்கும் பிறகு நான் சொல்ல வருவது சுருக்கமானது: மஃப்டி பார்ப்பதற்கு, நிறுத்துவதற்கு அல்ல. பின்தொடரலாம், காத்திருக்கலாம், கேட்கலாம், காட்டிக்கொடுக்கலாம். ஆளை மறித்து 'நில்' என்று சொல்லும் வேலை உடுப்பில் இருப்பவருடையது. தவிர்க்கவே முடியாமல் மஃப்டிக்காரரே மறிக்க வேண்டி வந்தால், போலீஸ் என்று பத்தடி தூரத்தில் தெரியும் மேலங்கியைப் போட்டுக்கொண்ட பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். அதைப் போடாமல் சுட்டவர், நல்லெண்ணத்தை நிரூபிக்கும் சுமையைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். இன்று நடைமுறையில் அது தலைகீழாக இருக்கிறது. 'மஃப்டியில் இருந்தேன், ஆபத்து அதிகம், அதனால் சீக்கிரம் சுட்டேன்' என்பது சலுகையாகிறது.

'பதுங்கியிருப்பவனிடம் காக்கி போட்டுக்கொண்டா போவது? ஓடிவிட மாட்டானா?' என்று காவல் துறை நண்பர்கள் கேட்பார்கள். ஓடிவிடலாம்தான். ஓடியவனை மறுநாள் பிடிக்கலாம். இது வெறும் வக்கீல் பேச்சும் அல்ல. எட்வர்ட்ஸைச் சுட்டவர் பணியாற்றிய மஃப்டி குற்றத்தடுப்புப் பிரிவை நியூயார்க் போலீஸ் 2020 ஜூனில் கலைத்தது. சுமார் 600 பேர் இடம் மாற்றப்பட்டார்கள். துப்பாக்கிக் குற்றங்கள் கூடியதும் 2022-ல் புது மேயர் எரிக் ஆடம்ஸ், இவரே முன்னாள் போலீஸ் கேப்டன், வேறு பெயரில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். இந்த முறை அடையாளமில்லாத கார் உண்டு, ஆனால் உடையில் போலீஸ் என்று தெரியும்படி அடையாளம் போட்டார்கள். குற்றத்தைக் கட்டுப்படுத்துவதில் யாரைவிடவும் அவசரப்பட்ட ஒரு மேயரே, மஃப்டியை அப்படியே திரும்பக் கொண்டுவரத் துணியவில்லை.

நம்மூர் விதிகள் என்ன சொல்கின்றன? கைது செய்யும் காவலர் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996-ன் இறுதியில் சொன்னது. அது பிறகு சட்டமானது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 36-வது பிரிவு. மஃப்டியில் வந்து அள்ளிக்கொண்டு போகும் கைதுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பிரிவின் நடைமுறை மதிப்பு தெரியும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் வேனின் கூரைமேல் மஞ்சள் டி-ஷர்ட்டில் துப்பாக்கியோடு படுத்திருந்தவரின் படத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். அது ஆள்மாறாட்ட வழக்கு அல்ல. ஆனால் உடுப்பில்லாத கையில் நீண்ட துப்பாக்கி ஏன் இருந்தது என்ற கேள்வி இதே கேள்விதான்.

என்கவுன்ட்டர் சாவுகளுக்காக 2014-ல் பியுசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகள் தந்தது. பெரும்பாலானவை சாவுக்குப் பிறகு செய்ய வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, வேறு குழுவின் புலனாய்வு, நீதித்துறை நடுவர் விசாரணை. முதல் வழிமுறை மட்டும் சாவுக்கு முந்தையது. குற்றவாளியின் நடமாட்டம் பற்றித் துப்பு கிடைத்தால் அதை எழுத்திலோ மின்னணு வடிவிலோ பதிய வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பதிவில் சந்தேக நபரின் விவரமோ, அவர் போகும் இடமோ இருக்கத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. ரகசியம் வெளியே கசிந்துவிடக் கூடாது என்பது காரணம். அந்தக் காரணத்தை நான் ஏற்கிறேன். அதற்கு உறையில் போட்டு மூடி முத்திரை வைக்கும் வழி நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. இவர்தான் அவர் என்று முதலில் சொன்னவர் யார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார், 'இருக்கலாம்' என்றாரா 'அவர்தான்' என்றாரா, அதை எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னார் என்ற நான்கும் அந்தப் பதிவில் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்டாக்வெல்லில் ஜூரிகள் மூன்று ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்தது இந்த நான்கைத்தான். தில்லி வழக்கில் இது கடைசிவரை சாட்சிகளின் வாய்மொழியாகவே இருந்தது. காவல் துறையின் நிலையாணையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். அதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை.

— கட்டுரையாளர், குற்றவியல் வழக்கறிஞர்.